48 சென்டிமீட்டர் படிக்கட்டில் எத்தனை பேரை ஏற்றலாம்?

நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் கிரீடத்துக்குப் போகும் சுருள் படிக்கட்டின் அகலம் 19 அங்குலம், அதாவது 48 சென்டிமீட்டர். வீட்டு ஃபிரிட்ஜ் கதவுகூட இதைவிட அகலம். தலைக்கு மேல் கிடைக்கும் இடம் 6 அடி 2 அங்குலம். உயரமானவர்கள் குனிந்துதான் ஏறவேண்டும். சுருள் படிக்கட்டு என்பதால் ஒவ்வொரு படியும் உட்பக்கம் ஒடுங்கி வெளிப்பக்கம் விரிந்த ஆப்பு வடிவில் இருக்கும். பாதம் முழுதாகப் பதிவது வெளிப்பக்கத்தில் மட்டும்தான். முன்னால் போகிறவரை முந்தவும் முடியாது, பின்னால் வருபவருக்கு ஒதுங்கி வழிவிடவும் முடியாது.

சிலை நிற்கும் தீவுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு கிரீடத்தின் அந்தச் சின்ன ஜன்னல்கள் வழியாகத் துறைமுகத்தைப் பார்க்க ஆசை. மொத்தம் 25 ஜன்னல். எத்தனை பேரை விடலாம் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை வெவ்வேறு காலங்களில் மூன்று விடை சொல்லியிருக்கிறது: வருகிறவர்கள் எல்லோரும், ஒருவரும் கூடாது, ஒரு நாளைக்கு 240 பேர். இந்த 240 வந்த கணக்கு தெரிந்தால் குறுகலான எந்தக் கோபுரத்துக்கும் அதையே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கட்டடம். 1886 அக்டோபர் 28-இல் திறக்கப்பட்ட சிலை இது. வெளித்தோல் சுமார் 2.4 மில்லிமீட்டர் செப்புத் தகடு. உள்ளே நின்று தாங்குவது, பாரிஸ் ஐஃபல் கோபுரத்தைக் கட்டிய அதே ஐஃபல் வடிவமைத்த இரும்புச் சட்டகம். அந்தச் சட்டகத்தின் நடுவில்தான் படிக்கட்டு. பீடத்தின் உச்சி வரை 215 படி, அங்கிருந்து கிரீடத்துக்கு 162 படி. (354 என்ற எண்ணையும் பல இடங்களில் பார்க்கலாம். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். கீழ்ப்பகுதிப் படிக்கட்டையே 2012-இல் மாற்றிவிட்டார்கள்.) 215 படிக்கு லிஃப்ட் உண்டு. 162 படிக்குக் கிடையாது.

செம்புக் கூட்டுக்குள் வெயில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடும் என்று பூங்காத் துறையே எச்சரிக்கிறது. நம் கணக்கில் 11 டிகிரி செல்சியஸ். ஜூலை மதியம் வெளியே 32 என்றால் உள்ளே 43 வரை போகும். பலத்த காற்று, மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் வீசினால் சிலை 3 அங்குலம் வரை ஆடும். ஆடும்படி கட்டப்பட்டதுதான், ஆபத்தில்லை. ஆனால் சுருள் படியில் பாதி ஏறிய ஒருவர் அந்த ஆட்டத்தை உணர்ந்து கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்கவேண்டியதுதான்.

ஒரே ஒரு நல்ல விஷயம், இது இரட்டைச் சுருள். ஒன்றையொன்று தழுவிச் செல்லும் இரண்டு படிக்கட்டுகள். ஒன்று ஏற, ஒன்று இறங்க. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை. 1880-களில் போட்ட இந்த அமைப்பு மட்டும் இல்லையென்றால் கிரீடத்தை என்றைக்கோ நிரந்தரமாகப் பூட்டியிருப்பார்கள்.

அப்படிப் பூட்டிக் கிடப்பது டெல்லியின் குதுப் மினார்.

உயரம் 72.5 மீட்டர், 379 படி, ஒரே ஒரு சுருள் படிக்கட்டு. அடியில் விட்டம் 14 மீட்டருக்குச் சற்று மேல், உச்சியில் 3 மீட்டருக்கும் குறைவு. மேலே போகப் போக எல்லாமே ஒடுங்கும். 1981 டிசம்பர் 4-ஆம் தேதி படிக்கட்டுக்குள் கூட்டம் நிறைந்திருந்தபோது மின்சாரம் போனது. இருட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே வர முட்டினார்கள். 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அன்று முதல் பொதுமக்களுக்கு அந்தப் படிக்கட்டு கிடையாது.

இதைப் 'பீதியால் வந்த நெரிசல்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பீதி கடைசியில் வந்தது. அதற்கு முன்பே நான்கு தப்பு சேர்ந்திருந்தது. ஏறவும் இறங்கவும் ஒரே வழி. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குக் கறாரான கட்டுப்பாடு இல்லை. மின்சாரம் போனால் உடனே எரிய மாற்று விளக்கு இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று வாசலில் இருப்பவருக்குத் தெரிய வழி இல்லை. இந்த நான்கில் ஒன்றைச் சரிசெய்திருந்தாலே சாவு எண்ணிக்கை குறைந்திருக்கும். இறங்கும் சுருள் படியில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு அது கண்ணில் படாது, வளைவு மறைத்துவிடும். அவர் தொடர்ந்து இறங்குவார். அவர்மேல் அடுத்தவர். கீழே அடைத்துக்கொண்டது என்ற செய்தி மேலே போய்ச் சேரும்வரை மேலிருந்து பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். சமதளத்து நெரிசலை விடப் படிக்கட்டு நெரிசல் வேகமாகக் கொல்வது இதனால்தான். ஈர்ப்பு விசையும் சேர்ந்து தள்ளுகிறது.

சுதந்திர தேவி சிலையில் இப்படி ஒன்று நடக்கவில்லை. ஆனால் நடப்பதற்கான சரக்கு 2001 வரை அங்கேயும் இருந்தது. சீசன் நாட்களில் கிரீடத்துக்கு மணிக்கணக்கில் வரிசை. வரிசையின் கடைசிப் பகுதி அந்தச் சுருள் படியிலேயே நிற்கும், அதுவும் வேகும் வெயிலில். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு தீவையே மூடினார்கள். டிசம்பர் 20-இல் தீவு திறந்தது. பீடம் 2004 ஆகஸ்ட் 3-இல். கிரீடம் மட்டும் மூடியே கிடந்தது.

மக்கள் அதைப் பயங்கரவாதப் பயம் என்றே நினைத்தார்கள். பூங்காத் துறை சொன்ன காரணம் வேறு. அந்தப் படிக்கட்டு தீயணைப்பு, கட்டட விதிகள் எதற்கும் பொருந்தாது, அவசரத்தில் ஆட்களை வெளியேற்ற முடியாது என்பது அது. காரணம் உண்மைதான். ஆனால் 1886 முதல் 2001 வரை படிக்கட்டின் அகலம் 48 சென்டிமீட்டராகத்தானே இருந்தது? தாக்குதல் நடந்ததால்தான் ஒருவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்லலாம். பல நினைவுச்சின்னங்களில் இப்படித்தான் நடக்கிறது. பயம் ஒன்றில் தொடங்கி, அதைத் தேடப்போய், வேறொரு நிஜமான ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள். பைசா கோபுரத்தை 1990 ஜனவரி 7-இல் மூடியதற்கும் உடனடிக் காரணம் பைசாவில் நடந்த எதுவும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் இத்தாலியின் இன்னோர் ஊரான பாவியாவின் கோபுரம் திடீரென்று சரிந்து 4 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு, சாய்ந்து நிற்கும் கோபுரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்க எவருக்கும் தைரியம் வரவில்லை. மறுபடி திறக்க 2001 டிசம்பர் ஆனது.

கிரீடத்தை 2009 ஜூலை 4-இல் திறந்தார்கள். அப்போது வைத்த எண்: ஒரு குழுவுக்கு 10 பேர், மணிக்கு 30 பேர், நாளைக்கு 240 பேர்.

இதை ஒரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் விளையாட்டு மைதானங்களுக்கு ஒரு பாதுகாப்பு வழிகாட்டி உண்டு. அதன்படி சமதளத்தில் 1 மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேரும் படிக்கட்டில் 66 பேரும் வெளியேறலாம். கூட்டம் கையாளுகிறவர்கள் உலகம் முழுக்க எடுத்துப் பயன்படுத்தும் எண்கள் இவை. 66-ஐ 0.48-ஆல் பெருக்கினால் 31 சொச்சம். அதாவது காகிதத்தில் அந்தப் படிக்கட்டு நிமிடத்துக்கு 31 பேரைக் கடத்தும். நிமிடத்துக்கு வரவேண்டிய எண்ணைத்தான் ஏறக்குறைய மணிக்கு என்று வைத்திருக்கிறார்கள். அறுபது மடங்கு குறைவு.

பயந்தாங்கொள்ளித்தனம் என்று தோன்றும். இல்லை. அந்த 66 என்ற எண் அகலமான, நேரான, நகர்ந்துகொண்டே இருக்கும் படிக்கட்டுக்கானது. ஒருவர் நின்றால் பக்கத்தில் விலகிப் போக இடம் உள்ள இடத்துக்கானது. 48 சென்டிமீட்டரில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஓட்டம் நின்றுபோனால் ஒருவருக்குப் பின்னால் எத்தனை பேர் மாட்டுவார்கள்?

போட்டுப் பார்ப்போம். களைத்துப்போன, கொஞ்சம் வயதான ஒருவர் சுருள் படியில் இறங்க ஒரு படிக்கு 2 விநாடி என்று வைத்தால் 162 படிக்கு 324 விநாடி, ஐந்தரை நிமிடம். ஆளுக்கு ஆள் 3 படி இடைவெளி விட்டால் 10 பேர் குழுவின் கடைசி ஆள் 27 படி பின்னால் இருப்பார்; அவருக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதல். ஆக, கிரீடத்திலிருந்து முழுக் குழுவும் வெளியேற ஆறரை நிமிடம். இதே படிக்கட்டை 3 படிக்கு ஒருவர் என்று நிரப்பினால் ஒரு சுருளில் மட்டும் 54 பேர் நிற்பார்கள், ஏறும் சுருளில் இன்னொரு 54. நடுவில் ஒருவர் மயங்கி விழுந்தால் அவருக்கு மேலே இருப்பவர்கள் வெப்பத்தில் நின்றுகொண்டிருக்கவேண்டும். அவர்களில் இன்னொருவர் மயங்குவார். 10 பேர் குழுவில் அதிகபட்சம் மாட்டுவது 9 பேர். ஒரு ரேஞ்சர் (பூங்காத் துறைக் காவலர்) ஒரு பார்வையில் எண்ணிவிடக்கூடிய தொகை, குரல் கொடுத்தால் எல்லோர் காதிலும் விழும் தொகை.

மயங்கியவரை இறக்குவது தனிப் பாடு. சாதாரண ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில் நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. 1984–86 புனரமைப்பில் சட்டகத்துக்குள் ஒரு சின்ன மீட்பு லிஃப்ட் வைத்தார்கள். தோள் மட்டம் வரைதான் அது போகும். கிரீடத்திலிருந்து தோள் வரை எப்படியும் படியில்தான் இறக்கவேண்டும். அதற்கு முன் அந்தப் படியைக் காலி செய்யவேண்டும். படியில் 54 பேர் இருந்தால் எத்தனை நேரம், 9 பேர் இருந்தால் எத்தனை நேரம் என்று யோசித்தாலே 10 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

எண்ணைக் குறைத்தது பாதி வேலை. மீதி, யார் ஏறலாம், என்ன கொண்டுபோகலாம் என்ற விதிகள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் படிக்கட்டின் ஒரு குணம் இருக்கிறது.

குழந்தைகள் குறைந்தது 42 அங்குலம் (107 சென்டிமீட்டர்) உயரம் இருக்கவேண்டும், தாங்களே ஏறவேண்டும். தூக்கிக்கொண்டு போக அனுமதி இல்லை. குழந்தையைத் தூக்கினால் ஒரு கை போய்விடும், உடம்பின் அகலம் ஒன்றரை மடங்காகும், கீழே கால் வைக்கும் படி கண்ணில் படாது. பெற்றோர் வாசலில் சண்டை போடும் விதி இதுதான். தளர்த்தவே கூடாத விதியும் இதுதான்.

பைகள் எல்லாம் கீழே லாக்கரில். கேமரா, கைபேசி, மருந்து, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் இவ்வளவுதான் மேலே. பாதுகாப்புச் சோதனைக்காக என்று நினைப்பார்கள்; சோதனை படகு ஏறும் முன் ஒரு தடவை, சிலைக்குள் நுழையும்போது மறுபடி ஒரு தடவை நடந்துவிடுகிறது. பையைத் தடுப்பதற்கு இன்னொரு காரணம் அகலம்தான். முதுகுப்பை மாட்டியவர் திரும்பும்போது பை கைப்பிடியில் சிக்கும், அவர் பின்னுக்கு இழுபடுவார், பின்னால் இருப்பவர் முகத்தில் இடிக்கும். பைசாவிலும் பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். 8 வயதுக்குக் கீழே அங்கே அனுமதியே இல்லை.

2009-இல் திறக்கும் முன் படிக்கட்டின் கைப்பிடியை உயர்த்தினார்கள். சின்ன வேலைதான், செய்தித்தாளில் ஒரு வரி வந்தது. ஆனால் இறங்கும்போது இதன் அருமை தெரியும். பழைய கட்டடங்களில் கைப்பிடி இடுப்புக்குக் கீழே இருக்கும். இறங்குகிறவர் அதைப் பிடிக்கக் குனிவார், குனிந்தால் உடம்பின் பாரம் முன்னுக்குச் சாயும். சுருள் படியில் இப்படியும் விழுவார்கள்.

டிக்கெட்டில் பெயர் போட்டார்கள், அடையாள அட்டை கேட்டார்கள். ஒருவர் 4 டிக்கெட்டுக்கு மேல் வாங்க முடியாது. கிரீடம் ஏறுகிறவர்களுக்கு மணிக்கட்டில் பட்டை. இது பாதுகாப்பைவிட நியாயத்தைச் சேர்ந்த ஏற்பாடு. 240 இடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் போட்டி போடும்போது, பெயரில்லாத டிக்கெட் அன்றைக்கே கள்ளச் சந்தைக்குப் போய்விடும். கிரீடத்துக்குக் கூடுதல் கட்டணம் 2009-இல் வெறும் 3 டாலர். விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்கும் சுலபமான வழியை எடுக்கவில்லை என்பதைப் பாராட்டவேண்டும். சில மாதம் முன்பே பதிவு செய்யத் தெரிந்தவருக்கு, பொறுமை உள்ளவருக்குக் கிடைக்கிறது. இதிலும் அநியாயம் உண்டுதான். திடீரென்று வந்து நிற்பவருக்கு வழியே இல்லை. ஆனால் பணத்தை வைத்து வடிகட்டுவதைவிட இது தேவலை.

நடைமுறையில் குழப்பம் வருவது படியில் அல்ல, கிரீடத்தில். மேலே நிற்கும் இடம் ரொம்பச் சின்னது. ஏறி வந்த களைப்பு, ஜன்னல் சிறியது, எல்லோருக்கும் படம் எடுக்கவேண்டும். ஒரு குழு ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால் அடுத்த குழு படியிலேயே தேங்கும். எதைத் தவிர்க்க 10 பேர் என்று வைத்தோமோ அதுவே திரும்பி வந்துவிடும். அதனால் கிரீடத்துக்குள்ளும் ரேஞ்சர் வேண்டும். கீழே அனுப்புகிறவரும் மேலே நிற்பவரும் பேசிக்கொள்ள ரேடியோ வேண்டும். 'மேலே காலி' என்ற சொல் வராமல் கீழே அடுத்த பத்து பேரை விடக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடத்துக்கு ஒரு குழு என்று அனுப்புவது வசதியாக இருக்கும். ஆனால் ஒரு குழு தாமதித்த நாளில் அதுவே இரண்டு குழுவைப் படியில் அடுக்கிவிடும். நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் 'அந்தப் பக்கம் விட்டாச்சா' என்று கேட்காமல் கயிற்றை அவிழ்த்துவிடுகிற தப்பும் இதே ஜாதி.

2011 அக்டோபர் 28, சிலைக்கு 125 வயது. மறுநாள் சிலையின் உட்பகுதியை மூடி ஓராண்டு வேலை செய்தார்கள். செலவு சுமார் 2.7 கோடி டாலர். இந்தப் பணத்தில் கிரீடத்துப் படிக்கட்டை அகலப்படுத்தவில்லை. அகலப்படுத்தினால் ஐஃபலின் சட்டகத்தை வெட்டவேண்டி வரும். மாறாக, கீழே பீடத்துக்குள் விதிகளுக்குப் பொருந்தும் புதிய படிக்கட்டுகள், தீயும் புகையும் புகாத தடுப்பு, புதிய லிஃப்ட், தீயணைப்பு அமைப்பு எல்லாம் போட்டார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பீடத்தின் உச்சித் தளம் வரை போகக்கூடியதாகவும் ஆனது. இதில் யோசிக்கவேண்டியது: மேலே உள்ள குறுகலான 162 படியை மாற்ற முடியாது, சரி. ஆனால் அங்கிருந்து தப்பி வருகிறவர் பீடத்தைத் தொட்ட கணமே பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டார் என்று செய்யலாம் அல்லவா? முன்பு அடி முதல் உச்சி வரை எல்லாப் படியும் ஆபத்து. இப்போது 162. பழைய கட்டடத்தில் கைவைக்க முடியாத பகுதியைச் சுற்றி, கைவைக்க முடிந்த எல்லாவற்றையும் சரிசெய்வது என்பது இதுதான்.

2012 அக்டோபர் 28-இல் மறுபடி திறந்தார்கள். அடுத்த நாள் சாண்டி புயல். சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தீவின் முக்கால் பங்கு தண்ணீரில் மூழ்கியது. மின்சாரம், படகுத்துறை எல்லாம் போயிற்று. ஒரே ஒரு நாள் திறந்திருந்த கட்டடம் மறுபடி திறக்க 2013 ஜூலை 4 ஆகிவிட்டது.

படிக்கட்டையே பேசிக்கொண்டிருந்தால் தீவு மறந்துபோகும். அங்கிருந்து வெளியேற ஒரே வழி படகு. 2018-இல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவை தீவை முழுக்கக் காலி செய்தார்கள். ஜூலை 4-இல் ஒரு பெண் அரசியல் எதிர்ப்பாகச் சிலையின் அடிவரை ஏறிவிட்டார். ஆகஸ்ட் 27-இல் புது அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் புரொபேன் வாயு உருளைகளில் தீப்பிடித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பினார்கள். இரண்டிலும் கூட்டத்தில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. தீவில் திறந்தவெளி உண்டு, அதுவே பெரிய பாதுகாப்பு. ஆபத்து உள்ள இடத்திலிருந்து விலக்கித் திடலில் நிறுத்திவிட்டால், படகு வரத் தாமதமானாலும் பரவாயில்லை. கட்டடத்திலிருந்து வெளியேற்றுவதும் தீவிலிருந்து வெளியேற்றுவதும் இரண்டு தனி வேலைகள். முதலாவதுக்கு நிமிடக் கணக்கு, இரண்டாவதுக்கு மணிக் கணக்கு. மலைக்கோட்டை, தீவு, காட்டுக்குள் உள்ள கோயில் எதுவானாலும் இரண்டுக்கும் தனித்தனித் திட்டம் வேண்டும். ஒன்றாகக் குழப்பினால் எல்லோரையும் படகுத்துறைக்கு விரட்டி, அங்கே புதிதாக ஒரு நெரிசலை உண்டாக்குவார்கள்.

தீப்பந்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1916 ஜூலை 30-இல் பக்கத்தில் ஜெர்சி சிட்டியின் பிளாக் டாம் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியதில் சிலையின் கைப்பகுதி சேதமானது. அன்று மூடிய தீப்பந்த மாடம் இன்று வரை பார்வையாளருக்குத் திறக்கவில்லை. சேதத்தை என்றோ சரிசெய்தாயிற்று, 1986-இல் தீப்பந்தத்தையே புதிதாக மாற்றிவிட்டார்கள். பிறகு ஏன் திறக்கவில்லை? கைக்குள் போக 12 மீட்டர் நீளத்தில் ஒரே ஓர் ஏணி. ஏற ஒன்று இறங்க ஒன்று என்று பிரிக்க முடியாது. குழுவை 10-இலிருந்து 2 ஆக்கினாலும் ஏணி ஏணிதான். கிரீடத்தைத் திறக்கச் சொன்ன கணக்கே தீப்பந்தத்தைத் திறக்காதே என்றும் சொல்கிறது. 1984-இல் இறக்கிய பழைய தீப்பந்தம் இப்போது தீவிலேயே அருங்காட்சியகத்தில் தரையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அந்த அருங்காட்சியகம் 2019 மே மாதம் திறந்தது. கூட்டப் பாதுகாப்பு என்ற கண்ணோடு பார்த்தால், இந்தத் தீவில் செய்த ஆகச் சிறந்த ஏற்பாடு அதுதான் என்பேன். வருகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கே சிலைக்குள் போக வாய்ப்பு. மீதி நால்வர் வெளியே சுற்றிவிட்டுப் போனார்கள். பழைய காட்சிக்கூடம் பீடத்துக்குள் இருந்ததால் அதையும் அவர்கள் பார்க்க முடியாது. காட்சிக்கூடத்தை வெளியே தனிக் கட்டடமாகக் கட்டி, தனி டிக்கெட் இல்லாமல் விட்டதும் 'உள்ளே போனால்தான் ஏதோ பார்த்த மாதிரி' என்ற அழுத்தம் இறங்கியது. வாசலில் கயிறு கட்டிக் காவலரை நிறுத்துவதைவிட, பக்கத்தில் உருப்படியாக ஒன்றைக் காட்டுவது நெரிசலைக் குறைக்கும்.

கோவிட் காலத்தில் 2020 மார்ச்சில் கிரீடத்தை மூடினார்கள். 2022 அக்டோபர் 11-இல்தான் திறந்தது. காற்று அதிகம் புழங்காத 48 சென்டிமீட்டர் படிக்கட்டுக்குள் ஆட்களை விடுவது அப்போது எப்படிப்பட்ட யோசனையாக இருந்திருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை.

போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வரிகள். கிரீட டிக்கெட்டை முன்பதிவு செய்துதான் வாங்கவேண்டும். தீவில் இறங்கிய பிறகு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மன்ஹாட்டன் பேட்டரி பூங்காப் பக்கம் தெருவில் டிக்கெட் விற்கிறவர்களிடம் வாங்கினால் தீவில் இறங்காமல் சிலையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் படகாகவும் இருக்கலாம். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் முன்னே பின்னே மாறிக் கிடப்பதால் இதில் கொஞ்சம் கவனம். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. கோடையில் போனால் காலை நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள், மதியம் செம்பு காய்ந்துவிடும். முட்டி வலி, இதயக் கோளாறு, மூச்சுத் திணறல், அடைபட்ட இடம் என்றால் பயம், உயரம் என்றால் பயம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பீடத்தின் உச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெரியும் துறைமுகம் கிரீடத்தின் ஜன்னலில் தெரிவதைவிட அகலமாகத் தெரியும். அங்கேயே நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக் கூரை வழியாக உள்சட்டகமும் படிக்கட்டும் தெரியும். ஏறினால், இறங்கும்போது வெளிப்பக்கத்துப் படியில் காலை வையுங்கள், கைப்பிடியை விடாதீர்கள், படம் எடுக்க நிற்காதீர்கள். மேலே இன்னும் பத்து பேர் காத்திருப்பார்கள்.